துணிக்கு உடம்பா, உடம்புக்குத் துணியா?

போன வருஷம் என் கொழுந்தியா மகளுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். செம்பூரிலிருந்து நாங்கள் மூன்று பேரும் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் மகள் ஆன்லைனில் ஆர்டர் செய்த லெஹங்கா வந்து சேர்ந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆசையாக உள்ளே எடுத்துக்கொண்டு போனவள் அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. மனைவி போய்ப் பார்த்தால் ஜிப் பாதியில் நிற்கிறது, பெண் அழுதுகொண்டு நிற்கிறாள்.

திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த சைஸ் வாங்கலாம் என்றோம். கேட்கவில்லை. "இது எம் சைஸ்ப்பா. எனக்கு எம் சரியா இருக்கணும். நான்தான் குண்டாயிட்டேன்" என்றாள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு நின்றது. நாலு நாள் கழித்துக் காலை டிபனும் நின்றது. கேட்டால் "பசிக்கலை". இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை, செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் வந்த மராத்தி அம்மா ஒருவர்தான் பையிலிருந்து தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துக் கொடுத்தார். டாக்டர் எடை பார்த்தார், உயரம் பார்த்தார், ரத்தமும் பார்த்தார். "உயரத்துக்கு ஏத்த எடைதான் சார். சாப்பிடாததுதான் வியாதி" என்று முடித்துவிட்டார்.

அடுத்த நாள் அந்த லெஹங்காவைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனோம். அங்கே நம்ம ஊர்க்காரர், அம்பாசமுத்திரம் பக்கம், ஒரு டெய்லர் அண்ணாச்சி இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். நாற்பது வருஷமாக ஒரே மிஷின், ஒரே முக்காலி. துணியைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். "பாத்தியளா தம்பி, உள்ளுக்குள்ள கால் இஞ்சு துணி கூட விடல. இதுல பாப்பா என்ன தப்பு பண்ணிச்சு? தச்சவன் கஞ்சன்" என்றார். ஜிப்பைப் பிரித்து எடுத்தார். இரண்டு பக்கமும் பட்டி வைத்து, முதுகில் நாடா போட்டு இழுத்துக் கட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். இருநூறு ரூபாய்.

வீட்டுக்கு வரும் வழியில் டாக்ஸியில் மகள் கேட்டாள்: "அப்பா, இந்த எஸ், எம், எல் எல்லாம் யார்ப்பா முடிவு பண்ணாங்க?"

நான் பி.காம். சரித்திரம் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆனால் நாள் முழுக்க நம்பர்களோடு இருக்கிற உத்தியோகம். ஒரு நம்பர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லித்தான் வங்கியில் எங்களை வளர்த்தார்கள். என் பெண் ஒரு நம்பருக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் கீழே. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளவும்.

அளவு யாருக்கு?

எங்கள் ஆச்சி கடைசி வரைக்கும் கைத்தறிச் சேலைதான் கட்டினாள். ஜவுளிக்கடைக்குப் போனால் நிறம் கேட்பாள், கரை கேட்பாள், விலையைக் கேட்டுச் சண்டை போடுவாள். சைஸ் கேட்டதே கிடையாது. கேட்க அதில் ஒன்றும் இல்லை. அஞ்சு பிள்ளை பெற்று உடம்பு ஊதியது, பிறகு வயதாகி வற்றியது. சேலை அதே சேலைதான். கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும், ஒரு மடிப்பு குறையும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாட்டுங்காவில் பூக்கடைத் தெருப் பக்கம் விசேஷ நாளில் போனால் மடிசார் கட்டிய மாமிகளை இன்றும் பார்க்கலாம். ஒன்பது கஜம், நம் கணக்கில் பதினெட்டு முழம். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்து ஊரே காலியானபோது, நெரிசலைக் குறைக்க 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்று ஒன்றை வெள்ளைக்காரன் ஏற்படுத்தினான். அது போட்ட தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் உருவான குடியிருப்புகளில்தான் நம் ஆட்கள் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் ரயில்வே சிப்பந்தியாகவும் வந்து குடியேறினார்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்குகிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது இந்தப் பதினெட்டு முழத்தைத்தான். ஒல்லியான மருமகளும் கனத்த மாமியாரும் ஒரே புடவையை மாற்றி மாற்றிக் கட்டலாம்.

கவனித்தீர்களா? அளவு என்பது அப்போது துணிக்கு இருந்தது. பன்னிரண்டு முழம், பதினெட்டு முழம் என்று துணியைத்தான் அளந்தார்கள். ஆளை அளக்கவில்லை. உடம்பை அளக்கும் டேப் நம் வீட்டுக்குள் வந்தது ஜாக்கெட்டோடுதான். அதற்கும் நம் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: அளவு ஜாக்கெட். 'இதே மாதிரி தச்சிருங்க' என்று பழையதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. எத்தனை இஞ்ச் என்று தைக்கிறவருக்குத் தெரியும், கட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

இதைச் சொன்னதும் 'அந்தக் காலத்தில் எல்லாம் சொர்க்கம்' என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் துணியை சாதி அளந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பக்கம், நாடார் பெண்கள் மேலாடை போட்டால் அடித்துக் கிழித்தார்கள். 1822-ல் ஆரம்பித்த தோள்சீலைப் போராட்டம் விட்டு விட்டு 1859 வரைக்கும் நடந்தது. சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கியதும், 1859 ஜூலை 26-ம் தேதி மேலாடை அணியலாம் என்று மகாராஜா அறிவிப்பு வந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது! உடம்பை மறைத்துக்கொள்ளவே முப்பத்தேழு வருஷம் அடி வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தென்கோடியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாராவியில் இருக்கிறார்கள். நான்கு பேர் முன்னால் மரியாதையாக உடுத்தி நிற்பது என்பது சும்மா ஆடம்பரம் இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே நேரம், இரண்டு ஊர்

இப்போது 1863, 1864-க்கு வாருங்கள். இரண்டு வெவ்வேறு ஊரில் இரண்டு சம்பவம்.

லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர். சவ அடக்கம் செய்து தரும் தொழில், ராஜ குடும்பத்துக்கே சேவை செய்த குடும்பம். ஆள் அஞ்சடி அஞ்சங்குலம், 202 பவுண்டு, அதாவது 90 கிலோவுக்கு மேல். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடியிலிருந்து பின்பக்கமாகத்தான் இறங்குவாராம், முழங்கால் வலிக்கு பயந்து. காது சரியாகக் கேட்கவில்லை என்று ஹார்வி என்ற டாக்டரிடம் போக, அவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சுமார் ஒரு வருஷத்தில் இருபது கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டது. சந்தோஷத்தில் 1863-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதி வெளியிட்டார். அது பற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'பான்டிங்' என்றாலே டயட் இருப்பது என்று ஆகிவிட்டது. ஸ்வீடன் நாட்டு மொழியில் இன்றைக்கும் 'பாந்தா' என்றால் உடம்பைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பதுதான். நம் ஆட்கள் வாட்ஸப்பில் 'சாதம் விஷம்' என்று அனுப்புகிறார்களே, அதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா இந்தப் புத்தகம் :-)

அடுத்த வருஷம், 1864. நம்ம பம்பாய். சத்யேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்துக்கு அண்ணன், ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். பம்பாய் மாகாணத்தில் வேலை. கூட வந்தவர் மனைவி ஞானதானந்தினி தேவி, அப்போது பதினாலு வயது இருக்கும். வங்காளத்து வீட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் ஒற்றைச் சேலை மட்டும் சுற்றியிருப்பார்கள், உள்ளே ஒன்றும் கிடையாது. அந்தப்புரத்துக்கு அது போதும், வெளியே கிளம்ப முடியாது. அதனால் பயணத்துக்கென்று கல்கத்தாவில் ஒரு பிரெஞ்சுக் கடையில் சொல்லி ஒரு உடை தைத்தார்கள். அது ஒரே சிக்கல், தனியாக அதைப் போட்டுக்கொள்ளவே அவரால் முடியவில்லை.

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெரியவர் வீட்டில் தங்கினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் சேலை கட்டுகிற அழகை இந்தப் பெண் பார்த்தார், கற்றார், தனக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். பார்சிகள் முந்தானையை வலது தோளில் போடுவார்கள். இவர் இடது தோளுக்குக் கொண்டுவந்தார், வலது கை வேலைக்கு வேண்டுமே! உள்ளே பாவாடை, மேலே ஜாக்கெட். ஊர் திரும்பியதும் சும்மா இருக்கவில்லை. கற்றுக்கொள்ள விரும்பும் பெண்களுக்குச் சொல்லித் தருவதாக 'பாமாபோதினி' பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். இன்று இந்தியா முழுக்க ஆபீசுக்குப் போகிற பெண்கள் கட்டுகிற முறைக்கு இவர் செய்தது ஒரு முக்கியமான தொடக்கம்.

யாரோ தைத்த உடைக்குள் நுழைய முடியாமல் தவித்த ஒரு பதினாலு வயதுப் பெண், 'என் உடம்புதான் சரியில்லை' என்று உட்காரவில்லை. உடையை மாற்றினாள். இதைப் படித்ததும் அந்தப் பாதி ஜிப்பில் நின்ற என் பெண்தான் ஞாபகம் வந்தாள்.

நம்பர் வந்த கதை

இனிதான் என் துறை. எடைக் கணக்கை முதலில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது யார் தெரியுமா? இன்ஷூரன்ஸ் கம்பெனி!

பெல்ஜியத்தில் கெட்லே என்று ஒரு வானசாஸ்திரி, புள்ளியியல் நிபுணர். 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது என்றார். யார் குண்டு, யார் ஒல்லி என்று கண்டுபிடிக்க அவர் அதைச் செய்யவில்லை. அந்தச் சூத்திரத்தைத்தான் 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி எடுத்து 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார். இப்போது எல்லா ஜிம் சுவரிலும் தொங்குகிற பி.எம்.ஐ. அதுதான்.

நடுவில் 1918-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாக்டர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் எழுதிய புத்தகம் கலோரி எண்ணும் வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுபோனது. 1942, 1943-ல் அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனி, பாலிசிதாரர்களின் இறப்புக் கணக்கை வைத்து, இந்த உயரத்துக்கு இந்த எடைதான் 'உத்தமம்' என்று அட்டவணை போட்டது. சின்ன எலும்புக்கட்டு, நடுத்தரம், பெரியது என்று மூன்று பத்தி. அந்தக் காலத்து அமெரிக்காவில் பாலிசி எடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் வசதியுள்ள வெள்ளைக்காரர்கள். பிரீமியம் நிர்ணயிக்க ஒரு கம்பெனி போட்ட கணக்கு, டாக்டர் மேஜைக்குப் போய், பத்திரிகைக்குப் போய், கடைசியில் கண்ணாடி முன்னால் நிற்கும் பெண்ணிடம் வந்து சேர்ந்தது. நானும் வங்கியில் பாலிசி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். உயரம், எடை என்ற இரண்டு கட்டத்தையும் யோசிக்காமல்தான் நிரப்பியிருக்கிறேன்.

துணி சைஸின் கதை இதைவிட வேடிக்கை. அமெரிக்க விவசாயத் துறை 1939, 1940-ல் கிட்டத்தட்ட 15,000 பெண்களை நிற்கவைத்து உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்தது. ஆர்டர் கொடுத்து வாங்கும் துணி சேராமல் ஏகப்பட்டது திரும்பி வந்துகொண்டிருந்தது, அதைக் குறைக்கத்தான். அளக்க வந்தவர்களுக்குக் காசு கொடுத்ததால் ஏழைப் பெண்கள் அதிகம் வந்தார்கள். வெள்ளைக்காரர் அல்லாத பெண்களின் அளவைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை வைத்து 1958-ல் அரசாங்கமே ஒரு சைஸ் தரம் வெளியிட்டது. யாருக்கும் சரியாகப் பொருந்தவில்லை. 1983-ல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதற்கப்புறம் கடைக்கு ஒரு சைஸ். வாங்குகிறவர் மனசு குளிரட்டும் என்று பெரிய துணிக்குச் சின்ன நம்பர் ஒட்டுகிற கம்பெனிகளும் உண்டு. ஒரு கடையில் எம், அடுத்த கடையில் எக்ஸ்எல். நடுவில் நடந்த பத்தடியில் உடம்பா மாறியது?

நம் நாட்டுக்கென்று சொந்த சைஸ் அட்டவணை நீண்ட காலம் இல்லவே இல்லை. ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் தேசிய ஆடைத் தொழில்நுட்பக் கழகம், மும்பை உட்பட 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கத் திட்டம் போட்டதே 2018 வாக்கில்தான். அதுவரைக்கும் வெளிநாட்டு உடம்புக்குப் போட்ட அளவை அங்கே இங்கே இழுத்துத்தான் நமக்குத் தைத்தார்கள். இதைத்தான் என் பெண் 'நான்தான் குண்டு' என்று படித்துக்கொண்டாள்.

செம்பூர் சினிமா

எங்கள் செம்பூரில் ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தது தெரியும்தானே. 1948-ல் ராஜ்கபூர் ஆரம்பித்தது. 2017 செப்டம்பரில் தீப்பிடித்ததில் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த நடிகைகளின் உடுப்புகளும் எரிந்தன. பிறகு இடத்தையும் விற்றுவிட்டார்கள். ராஜ்கபூர் படங்களுக்கு உடை தயாரித்தவர்களில் முக்கியமானவர் பானு அதையா. கோலாப்பூரில் 1929-ல் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரியில் படித்தவர். 'காந்தி' படத்துக்காக 1983-ல் ஆஸ்கார் வாங்கினார். இந்தியருக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அது. 2020-ல் காலமானார்.

அவர் நம்ம வைஜயந்திமாலாவுக்கு 'ஆம்ரபாலி' (1966) படத்துக்காக அஜந்தா ஓவியங்களைப் பார்த்து உடை அமைத்தார். 'பிரம்மச்சாரி' (1968) படத்தில் மும்தாஜ் கட்டிவரும் ஆரஞ்சு சேலையும் அவர் கைவண்ணம்தான். முன்னாலேயே வடிவமாகத் தைத்த சேலை. பழைய படங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த நடிகைகள் யாரும் குச்சி மாதிரி இருக்க மாட்டார்கள். முன்னால் நிற்கும் உடம்பை அளந்து, அதற்கு எது எடுக்கும் என்று யோசித்துத் துணி வெட்டியிருக்கிறார்கள்.

1991-க்குப் பிறகு கதை மாறியது. 1994-ல் ஒரே வருஷத்தில் இரண்டு உலக அழகிப் பட்டம் வந்தது, தெருவுக்குத் தெரு ஸ்லிம்மிங் சென்டரும் வந்தது. 2008-ல் 'தஷன்' படத்துக்காகக் கரீனா கபூர் 'சைஸ் ஜீரோ' ஆனார் என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. சைபர் என்பது ஓர் உடம்புக்கு லட்சியமா? பேலன்ஸ் சைபர் என்றால் எங்கள் ஊரில் அக்கவுண்ட்டை மூடச் சொல்வோம்! அதே 2008-ல்தான், அரசு விமான நிறுவனத்துப் பணிப்பெண்கள் எடை வரம்பை எதிர்த்துப் போட்ட வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அட்டவணை ஜெயித்தது.

அம்மாவின் போட்டோ

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் அம்மா 2014-ல் தவறிப்போனாள். பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு போட்டோ வேண்டும் என்று ஊர் வீட்டில் அத்தனை ஆல்பத்தையும் இறக்கினோம். நான் தங்கை எல்லோரும் உட்கார்ந்து தேடுகிறோம், அம்மா இல்லை. இருக்கிற படத்திலும் யார் முதுகுக்காவது பின்னால் நிற்கிறாள். முகத்தில் பாதி. "நான் இருக்கிற லட்சணத்துக்குப் போட்டோ ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிச் சொல்லியே விலகிப் போயிருக்கிறாள். 2009-ல் மும்பைக்கு வந்தபோது கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். அம்மா செருப்பையும் பையையும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்குக் கட்டாயப்படுத்தி நிற்கவைக்காமல் விட்டேனே என்று இன்றுவரை உறுத்துகிறது. கடைசியில் ஒரு கல்யாணப் படத்தில் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் தெரிந்த முகத்தை வெட்டி எடுத்துப் பெரிதாக்கினோம். மங்கலாகத்தான் இருக்கிறது. அதுதான் இப்போது சுவரில் இருக்கிறது.

அம்மா குண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மா அம்மாவாக இருந்தாள். ஆனால் அவளுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது, வாழ்நாள் முழுக்க. என் பெண் ரூமுக்குள்ளேயே நின்றபோது எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

அண்ணாச்சி பாடம்

போன மாதம் அண்ணாச்சியிடம் உட்கார்ந்து விசாரித்தேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் தோள். தோள்பட்டை எலும்பு முடியும் இடத்தில் தையல் விழ வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், தோள் தப்பினால் உடுப்பே தப்பு. இரண்டாவது, எது தைத்தாலும் உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி விடச் சொல்லிக் கேளுங்கள். உடம்பு ஏறும், இறங்கும், துணியும் கூடவே வர வேண்டும். மூன்றாவது, அஞ்சு வருஷத்துக்கு முந்தின அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். "அது பழைய ஆளுக்கு உள்ள அளவு. இப்ப உள்ள ஆளுக்குத் தைக்கணும்லா?" என்கிறார். இறுக்கிப் பிடித்தால் ஒல்லியாகத் தெரியும் என்பது பொய், இறுக்கினால் பிதுங்கும். தொளதொள என்று போட்டு மறைத்தாலும் உடம்பு இரண்டு மடங்காகத்தான் தெரியும். நான்காவது, துணியின் குணம். கஞ்சி போட்ட மொடமொட காட்டனும் ஆர்கன்சாவும் உப்பி நிற்கும். கிரேப், மெத்தென்ற காட்டன், சாஃப்ட் சில்க் எல்லாம் உடம்போடு விழும். ஐந்தாவது, குர்த்தா எங்கே முடிகிறதோ அங்கேதான் பார்க்கிறவர் கண் நிற்கும். இடுப்பில் அகலமான இடத்தில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். கொஞ்சம் மேலேயோ நன்றாகக் கீழேயோ முடியட்டும்.

என் மனைவியின் பீரோவில் மூன்று ஜாக்கெட் துணி 2015-லிருந்து தைக்காமல் கிடந்தது. "கொஞ்சம் மெலிஞ்சப்புறம் தைக்கலாம்னு வெச்சிருக்கேன்" என்பாள். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் வாராக்கடன் :-) அதையும் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஜாக்கெட் சர்க்கரை வியாதியைக் குறைக்காது. நம் இந்திய உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் எட்டிப்பார்க்கும். அதனால்தான் இங்கே டாக்டர்கள் பி.எம்.ஐ. 23-லேயே எச்சரிக்கிறார்கள், இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டக்கூடாது என்கிறார்கள். எனக்கே இடுப்பு 96. தினமும் காலையில் நடக்கிறேன். டாக்டர் சொன்னால் சாப்பாட்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது டாக்டரும் ரத்தப் பரிசோதனையும் முடிவு செய்கிற விஷயம். கஞ்சத்தனமாகத் தைத்த ஒரு பாவாடையின் ஜிப் முடிவு செய்கிற விஷயம் இல்லை. உடம்பைப் பார்த்து வெட்கப்படுகிறவர் அதைக் கவனித்துக்கொள்ளவும் மாட்டார். அம்மா பி.பி. பார்க்கக்கூட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாள், அங்கே எல்லோர் முன்னாலும் எடை மிஷினில் ஏற்றுவார்கள் என்று. இதை அவள் போன பிறகுதான் தங்கை சொன்னாள்.

கல்யாணத்துக்கு மகள் அந்த லெஹங்காவைத்தான் போட்டுக்கொண்டாள். முதுகில் நாடா கட்டிவிட்டது என் மனைவி. பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்டாள். குடும்பப் படம் எடுக்கும்போது வழக்கம்போல அத்தைகள், சித்திகள் எல்லோரும் பின்வரிசைக்கு ஓடினார்கள். நான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தேன். "ஏன் மாப்ளே இப்படிப் பாடா படுத்துதீய?" என்று பெரிய அத்தை திட்டினாள். திட்டட்டும்.

நீங்களும் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டு ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். உங்கள் அம்மா எந்த வரிசையில் நிற்கிறாள் என்று பாருங்கள். அவள் இருக்கும்போதே ஒரு நல்ல ஜாக்கெட் தைத்துக் கொடுத்து, முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.